துணியில் எண்ணெய் வண்ணம், கண்மை

போன மாதம் நிவேதிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் மேசைக்கு வந்தவள். கெட்டிக்காரி. ஆனால் எதுவானாலும் அவளுக்குப் போனிலேயே கேட்டு முடித்துவிட வேண்டும். எங்கள் ஓவியக் கூடத்தின் பழைய கண்காட்சிப் பட்டியல்களை எல்லாம் இப்போது இணையத்தில் ஏற்றுகிறார்களாம். அதில் ஓவியர் பூவராகனின் வாழ்நாள் படைப்புகளை வைத்தோமே, அந்தப் பட்டியலில் ஒரு தவறு இருக்கிறதாம்.

“சார், எல்லாப் படத்துக்கும் கீழ ‘துணியில் எண்ணெய் வண்ணம்’னு போட்டிருக்கு. ஒரே ஒரு படத்துக்கு மட்டும் ‘துணியில் எண்ணெய் வண்ணம், கண்மை’ன்னு இருக்கு. அச்சுப் பிழைதானே? எடுத்துடவா?”

“எடுத்துப் பாரு. நாளைக்கே பஸ் ஏறி வந்து உன் நாற்காலியில உட்கார்ந்துடுவேன்” என்றேன்.

சிரித்தாள். அப்புறம், “அப்ப கதையைச் சொல்லுங்க சார்” என்றாள். போனில் சொல்லக்கூடிய கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதோ எழுதுகிறேன்.

என் வேலை படங்களைச் சுத்தம் செய்வது. கதவில் ‘ஓவியப் பாதுகாப்பாளர்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். கச்சிராயபாளையத்தில் இருக்கும் என் அண்ணனுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. யாராவது விசாரித்தால், “தம்பியா? மெட்ராஸ்ல படம் தொடச்சிக்கினு கீறான்” என்பார். யோசித்துப் பார்த்தால் பலகையைவிட அவர் சொன்னதுதான் சரி. கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்து, மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து, எப்படியோ வேதியியல் பட்டம் வாங்கி, எந்த வேலை கிடைத்தாலும் போதும் என்று சென்னையில் அலைந்தபோது கிடைத்த வேலை அது. ஓவியம் என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த மாதா படம் ஒன்றுதான்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் திலகவதி மேடம். படம் இருக்கும் அறைக்குள் வரும்போதே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வருவார். தெரியாமல்கூடக் கை படத்தின் பக்கம் போய்விடக் கூடாதாம். கிட்டே வந்ததும் முதலில் பார்க்க மாட்டார், மோந்து பார்ப்பார். “சமையல்கட்டு” என்பார். இல்லாவிட்டால், “சாமி ரூம். கற்பூரம்” என்பார். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் வீட்டுப் படத்தை மோந்துவிட்டு, “இவர் சிகரெட்டை விட்டுட்டதா மனைவிகிட்ட சொல்லியிருப்பார்” என்றார். பாராட்டு என்பது அவர் வாயில் வராது. நாம் செய்தது சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்துக்கு நகர்வார். அந்த நகர்வுக்காக நான் பல வருடம் உழைத்திருக்கிறேன்.

அவர் எதற்கும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “யாருக்கு அவசரம்?” ஒரு வியாபாரி தன் வீட்டுப் பழைய படத்தைக் கொண்டுவந்து, பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் பளிச்சென்று ஆக்கித் தர வேண்டும் என்று நின்றார். மேடம் தன் கேள்வியைக் கேட்டார். “எனக்குத்தாம்மா” என்றார் அவர். “அப்ப நீங்க போய் முகம் கழுவிக்குங்க. படம் மெதுவா வரட்டும்” என்றார் மேடம். வியாபாரிக்குக் கோபம் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார்.

சுத்தம் செய்கிற முறையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள். பல மருந்துகள் உண்டு, ஆனால் மேல் அழுக்கை எடுக்க மனிதனின் எச்சிலுக்கு ஈடானது குறைவு. லேசான சூடு, கொஞ்சம் வழவழப்பு, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற சத்து, எல்லாம் அதில் இருக்கிறது. மூங்கில் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் ஈரம் பண்ணி, படத்தின் மேல் தேய்க்காமல் உருட்ட வேண்டும். பஞ்சு அழுக்கானதும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தது. உள்ளங்கை அளவு இடத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். அதனால் வேலைக்கு வரும்போது காபி கூடாது, வெற்றிலை கூடாது. கல்யாணமான புதிதில் என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, “ஊர் உலகத்துல எச்சி வெச்சி சம்பளம் வாங்குறவன் நீ ஒருத்தன்தான்” என்றாள்.

இனி பூவராகன் விஷயம். அவருக்கு வயது முதிர்ந்து, உடம்பும் தளர்ந்துவிட்ட நேரம். அவர் வாழ்நாளில் வரைந்ததை எல்லாம் ஓர் இடத்தில் சேர்த்து வைப்பது என்று எங்கள் கூடம் முடிவு செய்தது. அவர் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: யாருக்கும் கண் இருக்காது. மூக்கு, உதடு, தாடை எல்லாம் பச்சையும் காவியுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் துணி தெரியும். அதைப் பற்றி எழுதாத விமர்சகர் கிடையாது. நகரத்து மனிதனின் குருட்டுத்தனம் என்றார் ஒருவர். நம்மை நாமே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி என்றார் இன்னொருவர். பூவராகன் எதற்கும் ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னதில்லை.

கண்காட்சிக்குப் பொறுப்பானவர் ராகவ் என்ற இளைஞர். வெளிநாட்டில் படித்தவர், ஆனால் தலைக்கனம் இல்லாதவர். பூவராகனின் கண் இல்லாத படங்களில் முதலாவது எங்கே இருக்கிறது என்று ஆண்டுக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். ‘சாமை புடைப்பவள்’ என்று அதற்குப் பெயர். பழைய பத்திரிகை ஒன்றில் கறுப்பு வெள்ளையில் வந்ததோடு சரி. பூவராகன் இளவயதில் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்தார். அந்தப் படம் இன்னும் அங்கேதான், வெள்ளிமலையில் ஒரு வீட்டில் இருக்கிறது என்று யார் மூலமோ தெரிய வந்தது. “அது இல்லாம இந்தக் கண்காட்சி தலை இல்லாத முண்டம் சார். உங்க ஊர்ப் பக்கம்தானே, நீங்க போனா தருவாங்க” என்றார் ராகவ். சென்னைக்காரர்களுக்கு மலையின் அடிவாரமும் உச்சியும் ஒரே ஊர்தான். நான் அதுவரை வெள்ளிமலைக்கு இரண்டொரு தடவை போயிருந்தால் அதிகம்.

கச்சிராயபாளையத்தில் அண்ணன் வீட்டில் தங்கி, மறுநாள் காலை ஒரு ஜீப்பில் மலை ஏறினேன். ஓட்டியவர் ஐம்பது தாண்டியவர், வாய் நிறைய வெற்றிலை.

“வெள்ளிமலைல எந்த வூட்டுக்கு சார்?”

“கோவிந்தன்னு ஒருத்தரப் பாக்கணும்.”

“அவன்கிட்ட இன்னா வேல?”

“அவங்க வீட்டுல ஒரு படம் இருக்குதாம். அதைப் பாக்கணும்.”

“அவன் ஒரு மாதிரி ஆளு சார். படத்த யாருக்கும் காட்டமாட்டான். ஒரு தபா ஒருத்தர் வெலைக்கிக் கேட்டுக்கினு வந்தாரு. தொரத்தி வுட்டுட்டான்.”

வழி முழுக்க கோவிந்தனைப் பற்றிக் குறையாகவே சொல்லிக்கொண்டு வந்தார். முன்கோபி, பிடிவாதக்காரன், யார் சொன்னாலும் கேட்க மாட்டான். வெள்ளிமலையில் ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் ஜீப்பை நிறுத்தி இறங்கி, வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். “நான்தான் சார் கோவிந்தன். உள்ள வாங்க” என்றார்.

படம் அடுப்பிருந்த உள்ளறையில் மாட்டியிருந்தது. ஆண்டாண்டுப் புகையில் கருத்துப் போயிருந்தது. முறமும் கையும் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை, முகமும் அரைகுறையாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த இருட்டுக்குள் இருந்து இரண்டு கண்கள், மினுமினு என்று புதிதாக, நேரே என்னைப் பார்த்தன. பூவராகன் படம் எத்தனையோ பார்த்தவன் நான். அவர் படத்தில் ஒரு கண் என்னைப் பார்க்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

“பயந்துட்டீங்களா?” என்றார் கோவிந்தன். “எங்கம்மா சார் அது. மாரியாயி. நான் பால் மறக்காத வயசுலயே பூட்ச்சி. போட்டோ கீட்டோ ஒண்ணும் கெடையாது. வாத்தியார் வரைஞ்ச இது ஒண்ணுதான்.”

“கண்ணு யாரு வெச்சது?”

“மொதல்ல எங்கப்பாரு. இப்ப நான். போகி அன்னிக்கிச் செத்தவங்களுக்குப் படைப்போம். கண்ணு இல்லாத படத்துக்குப் படைச்சா அது எப்படி சார் பாக்கும், எப்படித் துன்னும்? அதான் வருசா வருசம் போகி அன்னிக்கி மை வெச்சிடறது. காலையிலதான் வெக்கணும். பொழுது சாஞ்சி வெக்கக் கூடாதுன்னு எங்கப்பாரு கண்டிசனா சொல்லிட்டுப் போயிருக்காரு.”

அவர் மகள் செல்வி அப்போது சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, லீவுக்கு வந்திருந்தாள். அவளை எங்கோ பார்த்ததுபோல இருந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். அந்தக் குடும்பத்தில் காரியம் ஆக வேண்டும் என்றால் அவளிடம்தான் பேச வேண்டும் என்பது சீக்கிரமே தெரிந்தது.

“குடுத்து அனுப்பலாம்ப்பா. இங்கியே இருந்தா இன்னும் கொஞ்ச நாள்ல ஆயா மூஞ்சியே தெரியாது. கண்ணு மட்டும்தான் மிஞ்சும்” என்றாள்.

கோவிந்தன் யோசித்தார். முதலில் இங்கேயே, தன் கண் முன்னால், கொஞ்சம் துடைத்துக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்றார். நியாயம்தான். பெட்டியைத் திறந்து, குச்சியில் பஞ்சு சுற்றி, வாயில் வைத்தேன்.

“இன்னா சார் பண்றீங்க?”

சொன்னேன்.

“எச்சியா? எங்கம்மா மேல உங்க எச்சியா?”

அவர் முகம் போன போக்கில், அத்தோடு கீழே இறங்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வேறு மருந்தும் பெட்டியில் இருந்தது. ஆனால் அந்தப் பழைய வண்ணம் அதைத் தாங்குமா என்று எனக்கு நிச்சயம் இல்லை. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். கோவிந்தன் படத்தின் முன்னால் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

“எச்சிதானே வோணும்? என் எச்சிய வெச்சித் தொடைங்க. அதுக்கு நான் புள்ள. பெத்தவ புள்ள மூஞ்சிய எச்சி வெச்சித் தொடக்கல? புள்ள தொடச்சா தப்பா?”

என் வேலைக்காலத்தில் இப்படி ஒரு யோசனையை யாரும் சொன்னதில்லை. தப்பில்லை என்றேன். ஆனால் வெற்றிலை போடுகிற வாய் ஆகாது. சுண்ணாம்பும் காவியும் படத்தில் ஏறிவிடும். அதைச் சொன்னதும் செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். “நான் எவ்ளோ நாளா வுடச் சொல்றேன். இன்னிக்கி மாட்னியா?” என்றாள். கோவிந்தன் அன்றே வெற்றிலைப் பையை எடுத்துப் பரணில் வைத்தார். நான் கச்சிராயபாளையத்துக்கு இறங்கி, சில நாள் கழித்துத் திரும்ப வந்தேன். வெற்றிலை இல்லாத கோவிந்தன் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். வாய் மட்டும் சுத்தமாக இருந்தது.

அவர் பஞ்சை நாக்கில் வைத்துத் தருவார். நான் வாங்கி உருட்டுவேன். பழுப்பும் கறுப்புமாகப் புகை பஞ்சில் ஏறி வந்தது. முதலில் முறத்தின் விளிம்பு தெரிந்தது. பிறகு ஒரு கட்டை விரல். பிறகு பச்சை நிறத்தில் ஒரு கன்னம். கோவிந்தன், “பச்சையா கீது” என்றார். இவர் எல்லாரையும் இப்படித்தான் வரைவார் என்றேன். “பரவால்ல, கீட்டும்” என்றார்.

கண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும் ஓரத்தில் ஒரு கடுகளவு இடத்தில் மட்டும் உருட்டிப் பார்த்தேன். பஞ்சில் வந்த கறுப்பு வேறு மாதிரி இருந்தது. புகைக்கரி மங்கலாக வரும். இது எண்ணெய்ப் பளபளப்போடு வந்தது. உடனே கையை எடுத்துவிட்டேன். விளக்கெண்ணெய் விளக்கில் பிடித்த மை அது. பல வருடத்து மை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தது. கீழே துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் உட்கார்ந்தால் இரண்டு கண்ணையும் சுத்தமாக எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் பூவராகன் வைத்துவிட்டுப் போனபடியே படம் வந்துவிடும். எங்கள் தொழிலில் அதுதான் விதி. வரைந்தவர் அல்லாத வேறொருவர் பிறகு சேர்த்தது, படத்துக்குக் கேடு இல்லாமல் எடுக்க முடியும் என்றால், எடுக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் வைத்த மீசை, பாட்டிமார் வைத்த பொட்டு என்று நானே எத்தனையோ எடுத்திருக்கிறேன்.

வெள்ளிமலையில் போன் பேச ஒரு வளைவு உண்டு. அங்கே போய் நின்றால்தான் குரல் கேட்கும். ராகவுக்குப் போட்டேன். படம் நல்ல நிலையில் இருக்கிறது என்றதும் குதித்தார். கண்ணைப் பற்றியும் சொன்னேன்.

“எடுத்துடுங்க சார். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அவர் வாழ்நாள் முழுக்கக் கண்ணே வைக்காம வரைஞ்சவர். அவரோட முதல் படத்துலயே வேற யாரோ வெச்ச கண்ணோட அவரைக் காட்டினா, அது அவருக்கு நாம செய்யற துரோகம் இல்லையா?”

அவர் சொன்னதில் தவறு இல்லை. அதுதான் என் சங்கடம். மேடத்துக்குப் போட்டேன். அவர் அப்போதே ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் கஷ்டமான படம் வந்தால் ஆட்டோ பிடித்து வந்துவிடுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “யாருக்கு அவசரம்?” என்றார். “வரைஞ்சவர் உயிரோட இருக்கார். அவரைக் கேக்காம நீயும் நானும் ராகவும் யாரு? அப்படியே கொண்டு வா” என்றார்.

அப்படியே கொண்டுபோகக் கோவிந்தன் விட வேண்டுமே. செல்வி பக்கத்தில் நின்று பேசியும் அவர் ஒரே பிடியாக நின்றார்.

“கண்ணத் தொடமாட்டேன்னு சொல்லுங்க.”

“நான் தொடமாட்டேன்.”

“நீங்க தொடமாட்டீங்க. அங்க வேற யாராச்சும்?”

“என்னைத் தாண்டித்தான் தொடணும்.”

“எது மேல சத்தியம்?”

நான் கிறிஸ்தவன். மாதா மேல் என்றேன்.

“உங்க மாதாவுக்குக் கண்ணு இருக்குதில்ல?”

“இருக்கு.”

“அப்பச் சரி” என்றார். அப்புறம், போகி கண்காட்சி நடக்கும்போதே வருகிறது, அன்று காலை தான் சென்னைக்கு வந்து மை வைப்பேன், அதற்கு விட வேண்டும் என்றார். எந்த ஓவியக் கூடத்திலும் காட்சிக்கு வைத்த படத்தின் மேல் ஒருவர் விரல் வைக்க முடியாது. அது தெரிந்தும் சரி என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்கள். நான் ஆழம் தெரிந்தே விட்டேன்.

போர்வையும் அட்டையும் சுற்றிய படத்தை ஜீப்பின் பின்னால் நிமிர்த்தி வைத்து, ஒரு பக்கம் செல்வியும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு திருப்பத்திலும் கோவிந்தன், “வளைவு வருது, கெட்டியா புடிச்சிக்கோ” என்று குரல் கொடுத்துக்கொண்டே ஓட்டினார். மகளிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். செல்விதான், “எனக்கு இல்ல சார், ஆயாவுக்கு” என்று மெதுவாகச் சொன்னாள்.

கண்காட்சி தொடங்கியபோது பூவராகன் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் வந்து பார்த்து முடிவு சொல்லும்வரை படத்தைக் கடைசி அறையில் வைத்து, அறையைக் கயிறு கட்டி அடைத்துவிடுவது என்று ராகவ் சம்மதித்தார். என் மேல் அவருக்கு வருத்தம்தான். கடைசியாக ஒரு வேலை கொடுத்தால் இப்படிச் செய்துவிட்டாரே என்று நினைத்திருப்பார். எனக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான் பாக்கி. அந்த நாட்களில் எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. வரைந்தவரே ‘எடு’ என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது? அவர் சொல்லுக்கு மேல் எங்கள் தொழிலில் சொல் கிடையாது. இந்தப் பக்கம் நான் மாதா மேல் கொடுத்த வாக்கு. போகிக்குக் கோவிந்தன் வருவதை மேடத்திடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். “வரட்டும்” என்றார். அத்தோடு நிற்கவில்லை. பூவராகன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போன் செய்து, போகி அன்று கூடத்துக்கு விடுமுறை, கூட்டம் இருக்காது, காலையில் அவரை அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதை என்னிடம் சொல்லவில்லை.

போகி அன்று காலை கோவிந்தனும் செல்வியும் வாழை இலையும் சாமைச் சோறும் ஒரு சின்ன மைச் சிமிழுமாக வந்து நின்றார்கள். நான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு கார் நின்றது. சக்கர நாற்காலியில் பூவராகனைத் தள்ளிக்கொண்டு ராகவ் வந்தார். பின்னால், கைகளை முதுகில் கட்டியபடி மேடம்.

ராகவ் எங்களையும் மைச் சிமிழையும் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. ஆனால் நாகரிகமானவர். பெரியவர் பக்கம் குனிந்து, “ஐயா, அந்தக் கண்ணு நீங்க வெச்சதில்லை. அப்புறம் வீட்டுல வெச்சிருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுத்துடுவோம்” என்றார்.

பூவராகன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பிறகு கோவிந்தன் பக்கம் திரும்பினார்.

“நீ யாரு?”

“மாரியாயி மவன்ங்க.”

“சாமைய கொட்டிவுட்ட பையனா?”

கோவிந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர்தான் சொன்னார். விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. முறத்தில் இருந்த சாமையைக் குழந்தை தட்டிக் கொட்டிவிட, அவள் சிரித்துக்கொண்டே மறுபடி அள்ளிப் புடைத்தாளாம். அன்று மாலைக்குள் கண்ணைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டது.

“கண்ணு வெக்கப்போனேன். ‘பொழுது சாஞ்சிருச்சி வாத்தியாரே, வெளக்கு வெக்கிற நேரத்துல கண்ணு வெக்காத. நாளைக்கிக் காலைல வையி’ன்னா. சரின்னு தூரிகைய கழுவிட்டேன். காலைல ஊருல இருந்து ஆளு வந்துட்டான், எங்கப்பாவுக்கு முடியலன்னு. திருக்கோவிலூருக்குப் போயிட்டேன். காரியமெல்லாம் முடிச்சிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள அவ காய்ச்சல்ல போயிட்டா. படத்த அவ புருசன்கிட்ட குடுத்துட்டேன். அப்புறம்…”

நிறுத்தினார்.

“அப்புறம் யாருக்குமே கண்ணு வெக்க எனக்குக் கை வரல. அதுக்கு என்னென்னமோ எழுதினாங்க. எழுதட்டும்னு வுட்டுட்டேன்.”

ராகவ் அந்தப் பட்டியலுக்காகக் கண் இல்லாத முகங்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். நல்ல கட்டுரை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஓரமாகக் கிடந்த நாற்காலியைத் தூக்கிவந்து கோவிந்தனுக்குப் போட்டார். எனக்கு அந்தப் பிள்ளையை அப்போதுதான் ரொம்பப் பிடித்துப்போனது.

கோவிந்தன் உட்காரவில்லை. மைச் சிமிழைத் திறந்து இரண்டு கையாலும் பெரியவரிடம் நீட்டினார்.

“அப்ப நீங்களே வையிங்கய்யா. காலைதான் இப்ப.”

பூவராகன் கையை நீட்டினார். விரல் சிமிழின் விளிம்பில் தடதடவென்று தட்டியது. நடுக்கம் நிற்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு அவ கண்ணு ஞாபகம் இல்லப்பா. எவ்ளோ வருசம் யோசிச்சிப் பாத்துட்டேன், வரல. நீ புள்ள, உனக்குத் தெரியும். நீயே வை.”

கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டார். மலை முழுக்க யாருக்கும் மசியாத ஆள் என்று அவரைப் பற்றி அவரே எனக்குச் சொல்லியிருந்தார்.

“எனக்கும் ஞாபகம் இல்லீங்க. நான் எங்க பாத்தேன்? ஒண்ணும் தெரியாத வயசு எனக்கு.” பின்னால் திரும்பி, “செல்வி, இப்படி வா” என்றார். அவளைப் படத்துக்குப் பக்கத்தில், சன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினார். “இவ பொறந்ததுமே எங்கப்பாரு பாத்துட்டு, ‘மாரியாயி வந்துட்டாடா’ன்னு அழுதாரு. அதுல இருந்து இவள எதுருல நிக்க வெச்சி, இவ கண்ணப் பாத்துதான் வருசா வருசம் வெக்கறேன்.”

வெள்ளிமலையில் அவளை எங்கோ பார்த்ததுபோல இருந்ததே, அந்தக் கண்களைப் படத்தில்தான் பார்த்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேடம் கைகளை முதுகில் இருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தனை வருடத்தில் படம் இருக்கும் அறையில் அந்தக் கைகள் முன்னால் வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று செல்விக்கு வெட்கம். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, “அப்பா, எல்லாரும் பாக்கறாங்க. அப்புறமா வெச்சிக்கலாம்ப்பா” என்றாள்.

பூவராகன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பச் சொன்னார்.

“நிமிர்ந்து பாரு தாயி” என்றார். “அப்புறம்னு மட்டும் சொல்லாத.”

அவள் நிமிர்ந்தாள். கோவிந்தன் மோதிர விரலில் மையைத் தொட்டார். அவளைப் பார்த்தார், படத்தில் வைத்தார், மறுபடி அவளைப் பார்த்தார். இரண்டு கண்ணையும் வைத்து முடிக்கும்வரை பெரியவர் இமைக்காமல் செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், “ம். முடிஞ்சிது” என்றார், அவரே வரைந்து முடித்ததைப் போல. வாழை இலை போட்டு அந்த அறையிலேயே படைத்தார்கள். எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி சாமைச் சோறு சாப்பிட்டோம், ராகவும்தான்.

படத்துக்குக் கீழே இருந்த சீட்டை அன்று மாற்றச் சொன்னது நானும் இல்லை, மேடமும் இல்லை. ராகவ்தான். “துணியில் எண்ணெய் வண்ணம், கண்மை” என்று தன் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டு, மறுநாள் பட்டியலிலும் திருத்தம் சேர்த்தார். பூவராகன் அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. படம் வெள்ளிமலைக்குத் திரும்பிவிட்டது, அடுப்பறைக்கு இல்லை, முன்னறைக்கு. செல்விக்குக் கல்யாணமாகி ஈரோட்டுப் பக்கம் போய்விட்டாள். போன போகிக்கு வர முடியவில்லையாம். கோவிந்தன் பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் போனில் வீடியோ போடச் சொல்லி, அவளைப் பார்த்துக்கொண்டே மை வைத்ததாகச் சொன்னார். போனில் பேசுவதற்கு அந்த வளைவுக்குப் போக வேண்டும். படத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அங்கே போயிருக்கிறார்.

ஆகையால் நிவேதிதா, அது அச்சுப் பிழை இல்லை, எடுக்காதே. இணையத்தில் இடம் இருந்தால், கண்மைக்குப் பக்கத்தில் ‘வருடா வருடம், காலையில்’ என்று சேர்த்துக்கொள்.